ஓனர் சந்துக்குக் கிழக்கு எது

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வடக்கு எது என்று கேட்டால் அத்தனை கையும் கரும்பலகையைக் காட்டும். சொர்ணம் டீச்சருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, வெள்ளையடிப்பதற்காக வகுப்பை மாடி அறைக்கு மாற்றிய அந்தத் திங்கட்கிழமை வரைக்கும். மாடி அறையில் கரும்பலகை எதிர்ச் சுவரில் இருந்தது. வடக்கு எங்கே என்று கேட்டாள். அத்தனை கையும் மறுபடி கரும்பலகைக்கே போனது. நேற்று வரை தெற்காக இருந்த திசை, ராத்திரியோடு ராத்திரியாக வடக்காகிவிட்டது.

"சரி, தமிழ்நாடு எங்க இருக்கு?"

"கீழ, மிஸ்" என்றான் சுனில். தரையைக் காட்டினான். "ஆபீஸ் ரூமுக்கும் கீழ."

"மேப்புல உச்சியில இருக்கே, பீதர்?"

"ஃபேன் பக்கத்துல."

யாரையும் திட்ட முடியாது. ஜூன் மாதத்திலிருந்து கர்நாடக வரைபடத்தைக் கரும்பலகைக்கு மேலே மாட்டி வைத்துக்கொண்டு, மேலே வடக்கு, கீழே தெற்கு என்று பாட்டாகப் பாடியவள் அவள்தான். பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி நம்பியிருக்கிறார்கள். காவிரி கூட அவர்கள் கணக்கில் சுவரில் வழிந்து சாக்பீஸ் டப்பாவில் விழுந்து தமிழ்நாட்டுக்குப் போகிறது. சொர்ணத்துக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவளுக்கு உடனே எதையாவது செய்தாக வேண்டும்.

அரூரில் அவள் எத்தனையோ வருஷம் தனியார் பள்ளிகளில் டெம்பரரி டீச்சராக இருந்தவள். ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் அனுப்புவார்கள். நல்ல டீச்சர் என்பார்கள், அனுப்பிவிடுவார்கள். கணவன் சாமிநாதனுக்கு வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஏசி பராமரிக்கிற வேலை கிடைத்ததும் இருவரும் பெங்களூரில் ஈஜிபுராவுக்குக் குடி வந்தார்கள். வீடு பார்க்கப் போன இடத்திலேயே அவளுக்கு வேலையும் கிடைத்தது. ஏனென்றால் வீட்டு ஓனர் முனிகிருஷ்ணனுக்கு அந்தச் சந்தின் முனையில் ஒரு ஆரம்பப் பள்ளியும் இருந்தது. கரஸ்பாண்டென்ட்டும் அவரே, வாடகை வாங்குபவரும் அவரே. பெயர்ப் பலகையில் அந்தச் சந்து ஏதோ ஒரு நம்பர் கிராஸ், குறுக்குத் தெரு. ஜனங்கள் வாயில் அது ஓனர் சந்து. இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற வீடுகளில் பாதிக்கு மேல் அவருடையவை.

"ஆகஸ்ட்ல பேரன்ட்ஸ் முன்னாடி ஒரு ஓபன் கிளாஸ் எடுங்க, டீச்சரம்மா. நல்லா போச்சுன்னா பர்மனென்ட்" என்று அவர் சொல்லியிருந்தார். பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்காக சொர்ணம் எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். கொடி ஏற்றும்போதும் போட்டோ எடுக்கும்போதும் ஓரமாக நின்று நின்று அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

மறுநாளே பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். சூரியன் இல்லை. பெங்களூரில் ஜூலை மாதத்துச் சூரியனை நம்பி யாரும் பாடம் நடத்தக் கூடாது. மேகம் என்ன, தூறல் என்ன, புகை மூட்டம் மாதிரி ஒரு வெளிச்சம் என்ன. அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் பிள்ளைகளை மேலே ஏற்றி, அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே இறக்கினாள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை மௌரீன் மேடம் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தாள். பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து போகிறவள், எதற்கும் அவசரப்படாதவள்.

"என்ன சொர்ணம், சூரியனுக்கு ஆப்சென்ட் போட்டாச்சா?"

"வரட்டும் மேடம், வெளிய நிக்க வெக்கிறேன்."

சனிக்கிழமை சூரியன் வந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் குடைகளுக்கும் நடுவில், ஓனர் சந்தின் கோடியில் உயர்ந்து நிற்கிற பி.ஜி. ஹாஸ்டல் கட்டடத்துக்கு நேர் மேலே, குளித்துவிட்டு வந்தது போல நின்றது. பிள்ளைகளை அதைப் பார்த்து நிற்க வைத்தாள்.

"மூஞ்சிக்கு நேரா வெயில் அடிக்குதா? அது கிழக்கு. முதுகுப் பக்கம் மேற்கு. இடது கை வடக்கு. வலது கை தெற்கு."

இடது கையையும் வலது கையையும் தூக்கியதில் பக்கத்தில் நின்றவன் மூக்கில் இடித்தது, அவன் திருப்பி இடித்தான், சண்டை தீர்ந்து எல்லாரும் மறுபடி கிழக்கைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ரூபினி மட்டும் சண்டையில் சேரவில்லை. இரட்டைச் சடையும் முன்பல் இல்லாத வாயுமாக, எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பெண் அவள்.

"மிஸ், சாயங்காலம் சூரியன் மூஞ்சில அடிச்சா?"

"அது மேற்கு. எங்க வீட்டுக்காரர் தினம் வைட்ஃபீல்ட் போறாரு. காலையில ஆபீஸ் ஷட்டில் வண்டியில போறப்ப கண்ணு கூசுதாம். சாயங்காலம் திரும்பி வர்றப்பவும் கண்ணு கூசுதாம். அப்ப வைட்ஃபீல்ட் எந்தப் பக்கம்?"

ரூபினி கண்ணை மூடி யோசித்தாள். "கிழக்கு. பாவம் மிஸ் உங்க சார். அங்கயும் வெயில், இங்கயும் வெயில்."

சொர்ணத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் டீச்சர்கள் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். அவளும் கொடுத்தாள். அவரவர் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து வர வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாப் பள்ளியிலும் கொடுக்கிற சாதுவான வீட்டுப்பாடம்தான். டு-லெட் பலகை தொங்குகிற வாசல்தோறும் திசையைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிற ஊரில் அது எங்கே போய் முடியும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஓனர் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் கிழக்கு என்றார்கள். சுனில் கிழக்கு என்றான். ரூபினியும் கிழக்கு என்றாள்.

சொர்ணம் அடுத்த பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ரூபினியே மறுபடி எழுந்துவிட்டாள்.

"மிஸ், சுனில் வீடு எங்க வீட்டுக்கு எதிர்ல. எங்க கதவைத் தெறந்தா அவங்க கதவு தெரியும். ரெண்டும் எப்படி கிழக்கு?"

"எங்க வீடுதான் கிழக்கு. உங்களுது மேற்கு" என்றான் சுனில்.

"எங்க அம்மாகிட்ட ஓனர் தாத்தாவே சொல்லியிருக்காரு."

"எங்க அப்பாகிட்டயும்தான்."

சுனில் வீட்டுக்குப் பக்கத்து வீடு சொர்ணத்துடையது. குடி வந்த அன்றைக்கு முனிகிருஷ்ணன் தன் கன்னடம் கலந்த தமிழில் அவளிடமும் சாமிநாதனிடமும் இதையே சொன்னது நினைவுக்கு வந்தது. "ஈஸ்ட் ஃபேசிங்ம்மா. அதான் வாடகை சொல்ப தூக்கல். கண்டிதா நல்லது நடக்கும்." சாமிநாதன் உடனே தலையாட்டினான். கிழக்குப் பார்த்த வீட்டை யார் விடுவார்கள்.

அந்த இடத்தில் புத்திசாலியான டீச்சராக இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பாள். சொர்ணம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சந்துக்குள் கூட்டிப்போனாள்.

சந்தில் சூரியன் தெரியாது. உச்சிக்கு வந்தால்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் இத்தனை வருஷமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் கோடியில் பி.ஜி. கட்டடம் நின்றது, அதன் தலைக்கு மேல்தான் சனிக்கிழமை சூரியன் வந்தது என்று மொட்டை மாடிக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பி.ஜி.யைப் பார்த்து நின்றார்கள். கையை நீட்டினார்கள். இடது கைப் பக்கத்து வீடுகளெல்லாம் வலது கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வலது கைப் பக்கத்து வீடுகளெல்லாம் இடது கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வரிசை தெற்கு, ஒரு வரிசை வடக்கு. கிழக்கைப் பார்த்து ஒரு ஜன்னல் கூட இல்லை.

"சுனில் வீடு தெற்கு" என்று ரூபினி சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "மிஸ் வீடு தெற்கு. வள்ளியம்மா ஆன்ட்டி வீடு தெற்கு. எங்க வீடு வடக்கு." மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று, காய்கறி வண்டிக்காரர் மாதிரி, திசையைக் கூவிக்கொண்டே போனார்கள்.

கதவுகள் திறந்தன. முதலில் வந்தது வள்ளியம்மா. கோரமங்கலாவில் சமையல் வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்து படுத்தவள்.

"தெற்கா? எமன் பக்கமா? யார் சொன்னது?"

"சூரியன் சொல்லிச்சு ஆன்ட்டி" என்றாள் ரூபினி.

வள்ளியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதான் எம் பொண்ணுக்கு ஒரு வரனும் அமையல. நான் ஜாதகத்தத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறேன். தப்பு ஜாதகத்துல இல்ல, கதவுல இருக்குது."

அடுத்த வீட்டுக்காரருக்கு முதுகு வலி. அதற்கடுத்த வீட்டில் பையன் பி.யூ.சி.யில் பெயில். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. இதில் வாஸ்துவை நம்பாதவர்களுக்குத்தான் கோபம் அதிகம். நம்பிக்கை இல்லாவிட்டாலும் கிழக்குக்கு உண்டான வாடகையைக் கொடுத்துவந்தார்கள் அல்லவா.

முனிகிருஷ்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, நெற்றியில் குங்குமம், கையில் இரண்டு போன். இந்த மாதிரி எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவர். அவர் சத்தம் போடவில்லை, சிரித்தார்.

"ஏனாயித்து? என்ன ஆச்சுன்னு இப்படி நிக்கிறீங்க? வாசல்னா என்ன, கதவா? கதவு சும்னே ஒரு பலகை. வாஸ்துல வாசல்னா கடைசிப் படி. மனுஷன் வீட்ட விட்டு எந்தப் பக்கமா கால் வெக்கிறான், அதான் வீட்டுக்கு முகம். படியப் பாருங்க."

எல்லாரும் படியைப் பார்த்தார்கள். அந்தச் சந்தில் எந்த வீட்டுப் படியும் நேராக இறங்காது. கதவைத் திறந்தால் ஒரு குட்டி மேடை, அதிலிருந்து பக்கவாட்டில் திரும்பி பி.ஜி. கட்டடத்தைப் பார்த்து இறங்குகிற படிகள். இந்த வரிசையிலும் அப்படித்தான், அந்த வரிசையிலும் அப்படித்தான். குடி வந்த புதிதில் எல்லாரும் ஒரு தடவையாவது அதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இடம் போதாமல் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு படியும் கிழக்கைப் பார்க்கத் திட்டம் போட்டுத் திருப்பி வைத்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொர்ணம் அசந்து போனாள். தப்பு என்று சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. மனுஷனின் சாமர்த்தியத்தைப் பார்த்து உள்ளுக்குள் கை தட்டத்தான் தோன்றியது.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. விஷயம் அத்தோடு அடங்கியிருக்கும். ஆனால் அந்த வாரமே தெற்கு பார்த்த வரிசையில் காலியாக இருந்த வீட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. ஐ.டி.க்காரர்கள். சந்து முனையில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்த ரூபினியிடம் அந்தப் பையன் வழி கேட்டான். அவள் மிகுந்த அக்கறையோடு கூடவே போய்க் காட்டினாள்.

"அண்ணா, இந்தக் கதவு தெற்கு. எங்க வீட்டுப் பக்கம் வடக்கு. படி மட்டும் கிழக்கு. பெட்டு படியில போட மாட்டீங்க இல்ல?"

ஜோடி உள்ளே கூடப் போகவில்லை. மறுநாள் முனிகிருஷ்ணன் சொர்ணத்தை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டனுப்பினார். மௌரீன் மேடமும் இருந்தாள், டீ குடித்துக்கொண்டு.

"டீச்சரம்மா, உங்க பாடம் நல்லா இருக்குது. ஆனா பாதியில நிக்குது" என்றார் முனிகிருஷ்ணன். "ஓபன் கிளாஸ்க்குப் பேரன்ட்ஸ் எல்லாம் வருவாங்க. வர்றதுல முக்கால்வாசி நம்ம டெனன்ட்ஸ். அவங்க முன்னாடி பசங்க சொல்லணும். வீட்டோட முகம்னா கடைசிப் படி. ஓனர் சந்து கிழக்கு. அவ்ளோதான். நல்லா சொல்லிக் குடுங்க, அன்னிக்கே பர்மனென்ட் ஆர்டர் தர்றேன்."

"சொல்லிக் குடுக்கலன்னா சார்?"

"சேச்சே, நான் ஏதாவது சொன்னனா. நீங்க வீட்டையும் வேலையையும் நல்லா வெச்சிக்கிறவங்க." அவர் சிரித்தார். வீட்டையும் என்பதை முதலில் சொன்னார், அதை அவள் கவனித்தாள்.

அவர் போன பிறகு சொர்ணம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம், நான் என்ன பண்ணட்டும்?"

மௌரீன் டீயை முடித்தாள். "நான் வெறும் ஹெட்மிஸ்ட்ரஸ்மா. நாற்காலி கூட அவரோடது. ஆனா ஒண்ணு, புள்ளைங்க பொய்ய மறக்க மாட்டாங்க. கரும்பலகை வடக்குன்னு சொன்னத மறந்தாங்களா?"

அன்று சாயங்காலம் முழுக்க சொர்ணம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆசை விடவில்லை, அதுதான் உண்மை. ஒரே ஒரு வாக்கியம்தானே, திசையைக் கூட மாற்றச் சொல்லவில்லையே, படியைத்தானே பார்க்கச் சொல்கிறார் என்று அவள் மனசு அவளிடமே வக்கீல் வேலை பார்த்தது. பர்மனென்ட் என்ற சொல் அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. கரும்பலகையைக் காட்டிய கைகளும் கூடவே ஞாபகம் வந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழாமல் கோதுமை மாவைப் போட்டு அடித்துப் பிசைந்தாள். சப்பாத்தி அன்றைக்கு ரொம்ப மிருதுவாக இருந்ததாகச் சாமிநாதன் சொன்னான்.

காலையில் பள்ளிக்குப் போகும்போது முனிகிருஷ்ணன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பள்ளியை ஒட்டிய வீடு, மெயின் ரோட்டைப் பார்த்த வாசல். அந்த வட்டாரத்தில் நிஜமாகவே கிழக்குப் பார்த்த வீடு அது ஒன்றுதான். கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மாதிரி பெரிய தேக்குக் கதவு. போன வருஷம் ஒரு பெரிய கார் வாங்கினார். கார் ஏறுவதற்காகக் கதவுக்கு எதிரே இருந்த படிகளை இடித்து, ரோட்டோரச் சாக்கடையின் மேல் கான்கிரீட் சரிவு போட்டிருந்தார். இடித்த படிகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டியிருந்தார், பள்ளிச் சுவர்ப் பக்கமாக இறங்குகிற மாதிரி.

சொர்ணம் தினமும் பார்க்கிற படிதான். அன்றைக்கு நின்றாள். கிழக்கைப் பார்த்துத் திரும்பி, யாரும் கவனிக்காதபடி வலது கையை லேசாக நீட்டிப் பார்த்தாள். படிகள் அந்தக் கைப் பக்கம்தான் இறங்கின. நேர் தெற்கு.

பள்ளிக்குள் நுழைந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேராக மௌரீனிடம் போனாள். "மேடம், கரஸ்பாண்டென்ட் சார் சொன்னபடியே பாடம் நடத்துறேன். ஒரு எழுத்து குறைக்காம. ஓபன் கிளாஸ் மட்டும் ஹால்ல வேணாம், மைதானத்துல வெச்சிக்கலாம். அங்கருந்து அவர் வீட்டுப் படி தெரியும்."

மௌரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். "ஓபன் ஏர்ல கிளாஸ் எடுத்தா உடம்புக்கு நல்லது" என்றாள்.

அந்த நாளும் வந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக். முன்வரிசையில் முனிகிருஷ்ணன், பக்கத்தில் அவர் மனைவி. அவருக்குப் பின்னால் ஓனர் சந்தே உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்காத வள்ளியம்மாவைப் போன்றவர்களும் வந்திருந்தார்கள், திசை தெரிந்துகொள்ள. சாமிநாதன் லீவு போட்டுக் கடைசி வரிசையில் இருந்தான். சொர்ணம் கரும்பலகையில் தேதி எழுதினாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. இன்றைக்கு இது தப்பாகப் போனால் நாளைக்கு மறுபடி அரூர், மறுபடி ஜூன், மறுபடி ஏப்ரல். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தோடுதான் ஆரம்பித்தாள்.

திசைகளைப் பிள்ளைகள் சொன்னார்கள். கர்நாடக வரைபடத்தைத் தரையில் விரித்து, வடக்கை வடக்குப் பக்கமாகவே வைத்தார்கள். பீதர் எந்தப் பக்கம் என்றதும் வடக்கே, மெயின் ரோட்டுக்கு இணையாகக் கை காட்டினார்கள், ஃபேனைக் காட்டவில்லை. கை தட்டல் வந்தது.

"இப்ப வீடுங்க. கரஸ்பாண்டென்ட் சார் நமக்கு ஒரு விதி சொல்லியிருக்காரு. என்ன அது?"

"வீட்டோட முகம்னா கடைசிப் படி" என்று பிள்ளைகள் ஒன்றாகச் சொன்னார்கள்.

முனிகிருஷ்ணன் பின்னால் திரும்பிக் குடித்தனக்காரர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"சுனில் வீடு?"

"கதவு தெற்கு, கடைசிப் படி கிழக்கு. அப்ப வீடு கிழக்கு."

"ரூபினி வீடு?"

"கதவு வடக்கு, கடைசிப் படி கிழக்கு. அப்ப வீடு கிழக்கு."

சொர்ணம் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினாள். அடுத்து ரூபினியை ஒரு கேள்வி கேட்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அதற்கு வேலையே இல்லாமல் போனது. முனிகிருஷ்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் ஓனர்களும் கேள்வி கேட்பார்கள்.

"சந்து வீடே சொல்லிட்டு இருக்கீங்களே. நம்ம வீட்டச் சொல்லுங்க பாப்போம். யார் சொல்றீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தன. அவர் ரூபினியைக் காட்டினார். ரூபினி எழுந்து, சுவருக்கு அப்பால் பார்த்து, கையை நீட்டி, நிதானமாகச் சரிபார்த்துக்கொண்டாள்.

"ஓனர் தாத்தா வீடு கதவு கிழக்கு. கடைசிப் படி தெற்கு. அப்ப வீடு தெற்கு."

மைக்கில் சொன்னதால் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. பின்வரிசையில் வள்ளியம்மா எழுந்து நின்றாள். அவளுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது, நிஜமான கவலையோடுதான் கேட்டாள்.

"அய்யோ பாவம், அப்ப ஓனர் வூடுதான் எமன் பக்கமா? அம்மா, உங்க மூட்டு வலி படிய மாத்துனப்பலருந்துதானே?"

முனிகிருஷ்ணனின் மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். கார் வாங்கிய வருஷம்தான் அந்த அம்மாவுக்கு மூட்டு வலி ஆரம்பித்தது. இதை அந்தத் தெருவில் எல்லாரும் அறிவார்கள்.

"படிய இடிக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

முனிகிருஷ்ணன் குடித்தனக்காரர்களுக்கு வாஸ்து சொல்கிறபோது வியாபாரி. தன் வீட்டுக்கு வாஸ்து பார்க்கிறபோது பக்தர். இரண்டு பேரும் அதுவரை ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. இப்போது சாமியானாவுக்குக் கீழே நேருக்கு நேர் வந்து நின்றார்கள். அவர் முகத்தில் வேர்வை துளிர்த்தது. எழுந்தார்.

"பசங்களா, அது அப்படி இல்ல. படி என்ன படி. படி இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இடிப்பான். வாசல்னா கதவுதான். கதவு எந்தப் பக்கமோ அதான் வீடு."

"கதவா சார்?" என்றாள் சொர்ணம். அவள் குரல் கொஞ்சம் கூட நடுங்கவில்லை.

"கதவுதான். சந்தேகமே இல்ல."

"பிள்ளைங்களா, சார் சொல்றத கவனிச்சீங்களா? கதவுதான் கணக்கு." டஸ்டரை எடுத்துச் சுனில் வீட்டுக்கு நேரே இருந்த கிழக்கை அழித்தாள். தெற்கு என்று எழுதினாள். ரூபினி வீட்டுக்கு வடக்கு. வள்ளியம்மா வீட்டுக்குத் தெற்கு. சொர்ணம் மிஸ் வீட்டுக்குத் தெற்கு. கடைசியாக ஓனர் தாத்தா வீடு, கிழக்கு. அதை மட்டும் பெரிதாக எழுதினாள்.

பின்வரிசையிலிருந்து கை தட்டல் ஆரம்பித்தது. முனிகிருஷ்ணனும் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே தான் எதற்குத் தட்டுகிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கைகள் நடுவிலேயே நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். தெற்கு வரிசை ஒன்றாகப் போய் நின்று வாடகையைக் குறைத்துக்கொண்டது. மறுத்தால் படிதான் கணக்கு என்று மறுபடி சொல்ல வேண்டும்; வீட்டுக்குள் மனைவியின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால் அவரால் அது முடியவில்லை. ஆனால் முனிகிருஷ்ணன் நஷ்டப்படுகிற ஜாதி இல்லை. வடக்கு என்றால் குபேரன் திசை என்பது மறுநாளே அவருக்கு ஞாபகம் வந்து, வடக்கு வரிசைக்கு வாடகையை ஏற்றிவிட்டார். ரூபினியின் அம்மா பள்ளிக்கு வந்து, எம் பொண்ணுக்கு இனிமே பூகோளம் வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

சொர்ணம் மூட்டை கட்டத் தயாராகத்தான் இருந்தாள். வாரக் கடைசியில் அவர் கூப்பிட்டனுப்பினார். மௌரீனும் டீயோடு அங்கே இருந்தாள், மேஜை மேல் ஆர்டர் இருந்தது. கையெழுத்துப் போட்டு, பர்மனென்ட் என்று. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இவ்ளோ பேர் முன்னாடி கை தட்டியாச்சு. இப்ப அனுப்பிச்சா ஜனங்க என்ன பேசுவாங்க" என்றார் அவர் விறைப்பாக. "ஆனா ஒண்ணு டீச்சரம்மா. நீங்க தேர்ட் ஸ்டாண்டர்டு வேணாம். திங்கட்கிழமையிலருந்து ஃபோர்த் எடுங்க. அதுல திசை கிசையெல்லாம் கிடையாதில்ல?"

"கிடையாது சார்."

"அப்பாடா. அதுல இப்ப என்ன பாடம் போகுது?"

சொர்ணம் மௌரீனைப் பார்த்தாள். மௌரீன் டீயை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நமது வட்டாரத்துச் சாக்கடைகள் சார். மழைத்தண்ணி எங்க போகுது, எங்க அடைச்சிக்குதுன்னு பசங்களே நடந்து போய்க் கண்டுபிடிக்கணும்."

முனிகிருஷ்ணன் ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். சாக்கடையின் மேல் போட்ட கான்கிரீட் சரிவில் கார் நின்றுகொண்டிருந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.